பூனைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல நாய், பூனை பத்திதான். சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, அதாவது எச்டிபி (வீவக) வீட்டுல எத வளக்கலாம், எத வளக்கக் கூடாது, மாட்டினா என்ன ஆகும்னு ஆளாளுக்கு ஒரு பயம். அதனால மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், மன்னிச்சுக்குங்க.

அக்கா, எங்க வீட்டுல 3 பூனை இருக்கு, 7 வருஷமா வச்சிருக்கோம். பெல் அடிச்சாலே மூணையும் பெட்ரூம்ல போட்டு கதவ சாத்திடுவேன், டிவி சத்தத்தக் கூட்டி வச்சிடுவேன். இப்ப லைசென்ஸ் எடுக்கணும்னு சொல்றாங்க, ஆனா 2 பூனைதான் அனுமதியாம். நானே போய் 3 இருக்குன்னு சொன்னா நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா? ஒண்ண எடுத்துட்டுப் போயிடுவாங்களா?
- வாசகி, யீஷூன்

தங்கச்சி, மொதல்ல அந்த டிவி சத்தத்தக் குறைங்க. நீங்க பயப்படுற மாதிரி இல்ல.

1989லேருந்து வீவக வீட்டுல பூனை வளக்கக் கூடாதுன்னு தடை இருந்துச்சு, அது உண்மை, நம்மள்ல எத்தனையோ பேரு ஒளிச்சு வச்சுத்தான் வளத்தோம். அந்தத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி போயிடுச்சு. இப்ப ஒரு வீவக வீட்டுல 2 பூனை வரைக்கும் வச்சிக்கலாம், அது போக அனுமதிச்ச வகையில ஒரு சின்ன நாயும் வச்சிக்கலாம். உங்கள மாதிரி ஏற்கனவே கூடுதலா வச்சிருக்கறவங்கள நெனச்சுத்தான் 2 வருஷம் மாற்றக் காலம் கொடுத்திருக்காங்க, 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும். அதுக்குள்ள விண்ணப்பம் பண்ணா இப்ப இருக்கற மூணுக்கும் கேக்கலாம். புதுசா நாலாவது ஒண்ணு வாங்கிட்டு வரத்தான் முடியாது. மூணுல ஒண்ணு வயசாகிப் போயிடுச்சுன்னா அந்த எடத்துக்கு இன்னொண்ணு கொண்டு வரவும் முடியாது.

ஆபத்து எங்கன்னா அந்தத் தேதிக்கு அப்புறமும் ஒளிச்சே வச்சிருந்தா. லைசென்ஸ் இல்லாத பூனைக்கு 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம். ஒளிச்சு வச்ச பூனை தொலைஞ்சு போனா யாருகிட்ட போய் நிப்பீங்க? பக்கத்து புளோக்குல தேடறதுக்குக் கூட வாய் வராது. எனக்கு இது மாதிரி ஒண்ணு நடந்திருக்கு, கீழ இன்னொரு கேள்வியில சொல்றேன்.

செய்ய வேண்டியது என்னன்னா, மூணையும் வெட்கிட்ட, அதான் மிருக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மைக்ரோசிப் போட்டுக்குங்க. சிப்புன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு அரிசி மணி அளவு, தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில ஊசி மாதிரி போட்டுடுவாங்க, அதுல 15 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், பூனை எங்க போனாலும் ஸ்கேன் பண்ணா அந்த நம்பர வச்சு உங்களக் கண்டுபிடிச்சுடலாம். அதே நாள்ல கருத்தடையும் பேசிடுங்க, ஏன்னா கருத்தடை பண்ண பூனைக்கு இந்த மாற்றக் காலத்துல ஆயுசு முழுக்க செல்லுற லைசென்ஸ் இலவசம். அப்புறம் சிங்பாஸ் (அரசாங்க இணையக் கணக்கு) வச்சு, லைசென்ஸ் கொடுக்கற அரசாங்க விலங்கு மருத்துவச் சேவையான ஏவிஎஸ்ஸோட லைசென்ஸ் பக்கத்துக்குள்ள போகணும். மொத தடவ விண்ணப்பம் பண்றவங்க ஆன்லைன்ல ஒரு இலவச பாடம் முடிக்கணும், செல்லப்பிராணிய எப்படிப் பாத்துக்கறதுன்னு. சிங்பாஸ் சரியா வரலன்னா புள்ளைங்கள உக்கார வச்சுப் பண்ணுங்க, கடைசி மாசம் வரைக்கும் விட்டுடாதீங்க, அப்ப வெட் கிளினிக்குல எடமே கெடைக்காது.

இன்னொண்ணு தங்கச்சி. அன்னிக்கு ஏன் தடை போட்டாங்கன்னா பூனைய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கறது கஷ்டம், வெளிய விட்டா காரிடார்ல முடி கொட்டும், அங்கங்க ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போகும், ராத்திரி கத்தும்னு காரணம் சொன்னாங்க. இப்ப தடைய எடுத்தாச்சு, ஆனா அந்தப் பிரச்சினைய நம்மதான் பாத்துக்கணும். அதனால லைசென்ஸ் வந்துடுச்சு, இனிமே கதவத் தொறந்து விட்டுடலாம்னு நெனச்சுடாதீங்க. உள்ள வச்சு வளக்கறதுக்குத்தான் இந்த அனுமதி.

அக்கா, புதுசா கட்டின பிடிஓ வீட்டுச் சாவி கெடச்சு 4 மாசம் ஆச்சு. என் பையனுக்கு 11 வயசு, கோர்கி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஃபிரெண்டு ஒருத்தரு சொன்னாரு, சின்ன நாய்தானே, யாரும் அளந்து பாக்க மாட்டாங்க, வாங்கிடுங்கன்னு. வாங்கலாமா?
- வாசகர், பொங்கோல்

தம்பி, வாங்காதீங்க. கோர்கி காலு குட்டையா இருக்கறதால பாக்க சின்ன நாய் மாதிரி தெரியுது, ஆனா வீவக பட்டியல்ல அது இல்ல. அனுமதிச்ச நாய் வகை 62 இருக்கு, ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். சிவாவா, பக், ஷி ட்சூ, பொமரேனியன், மால்டீஸ், மினியேச்சர் ஷ்னாசர், இதெல்லாம் அந்த 62ல இருக்கு. கோர்கி, பீகிள், கோல்டன் ரிட்ரீவர் இல்ல. விதிய மீறினா 4,000 வெள்ளி வரைக்கும் அபராதம், அதோட நாயையும் வேற எடத்துக்கு அனுப்பணும். அபராதத்தக் கட்டிட்டு நிமிந்துடலாம், ஆனா ஒரு வருஷம் கூடவே படுத்துத் தூங்குன நாயக் கொடுத்து அனுப்பும்போது உங்க பையன் மொகத்த எப்படிப் பாப்பீங்க? அந்த ஃபிரெண்டு அப்ப வந்து நிக்க மாட்டாரு.

கடையில வாங்கும்போது இது எச்டிபிக்கு சரிப்பட்டு வரும்னு வாயால சொல்றத நம்பாதீங்க. வீவக வெப்சைட்ல பட்டியல் இருக்கு, வகைப் பேர எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க, ஏன்னா ஒரே பேருல சின்ன சைஸ் அனுமதி இருக்கும், பெருசு இருக்காது, பூடில் மாதிரி.

ஆனா நான் உங்ககிட்ட சொல்ல ஆசப்படுறது வேற. அடோர்னு ஒரு திட்டம் இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. 2012லேருந்து நடக்குது. நம்ம ஊரு கலப்பு நாய், சிங்கப்பூர் ஸ்பெஷல்னு சொல்லுவோம்ல, பழுப்பு நிறம், காதுல ஒண்ணு நிக்கும் ஒண்ணு மடிஞ்சிருக்கும், அந்த நாய அடோர் வழியா வீவக வீட்டுல வளக்கலாம். முன்னாடி 15 கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது, தோள் உயரம் 50 செமீக்கு மேல போகக் கூடாதுன்னு இருந்துச்சு. 2020 மார்ச்சுல எடைக் கணக்க எடுத்துட்டாங்க, உயரத்த 55 செமீ ஆக்கிட்டாங்க. எடை, உயர வரம்பால ஷெல்டர்லயே கெடந்த எத்தனையோ நாய்க்கு அந்த மாற்றம் ஒரு வீட்டக் கொடுத்துச்சு.

எஸ்பிசிஏ மாதிரி திட்டத்துல இருக்கற விலங்கு நல அமைப்பு வழியாத்தான் எடுக்கணும், தெருவுல பாத்துப் புடிச்சுட்டு வந்துட்டு அடோர்னு சொல்ல முடியாது. கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் முடிஞ்சிருக்கணும், கீழ்ப்படிதல் பயிற்சிக்கும் கூட்டிட்டுப் போகணும். பயிற்சின்னதும் சலிச்சுக்காதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல அந்த வகுப்புக்குப் போனது நாய விட அந்தப் பையனுக்குத்தான் நல்லது பண்ணுச்சு. எதுக்கெடுத்தாலும் கத்திக்கிட்டு இருந்த பையன், நாய் பேச்சக் கேக்கணும்னா குரல் எறங்கணும்னு கத்துக்கிட்டான்.

ஒரு சனிக்கிழம பையனக் கூட்டிட்டு ஷெல்டருக்குப் போங்க. எதையும் எடுக்கப் போறோம்னு சொல்லாதீங்க, சும்மா பாத்துட்டு வருவோம்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்குத் திரும்பும்போது அவன் எந்த நாயப் பத்திப் பேசிக்கிட்டு வர்றான்னு பாருங்க.

லைசென்ஸ் செலவையும் கணக்குல வச்சுக்குங்க. கருத்தடை பண்ண நாய்க்கு வருஷத்துக்கு 15 வெள்ளி, பண்ணாததுக்கு 90. தடுப்பூசி, வெட் செலவுதான் பெருசு, 10, 15 வருஷத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

முயல், ஹாம்ஸ்டர், ஆமை எல்லாம் லைசென்ஸ் வேணுமா? ஊருல மாமா வீட்டுல நட்சத்திர ஆமை இருக்கு, சின்னதா அழகா இருக்கும், அடுத்த தடவ வரும்போது கொண்டு வரலாமா?
- மாணவி, புக்கிட் பாத்தோக்

முயல், ஹாம்ஸ்டர், கினி பிக் இதெல்லாம் வச்சிக்கலாம்மா, லைசென்ஸ் தேவையில்ல. சிவப்புக் காது ஆமையும் பரவால்ல, ஆனா வளந்து பெருசாகி தொட்டி பத்தலன்னு குளத்துல கொண்டு போய் விட்டுடாதீங்க, அது சட்டப்படி தப்பு, அங்க ஏற்கனவே இருக்கற உயிருக்கும் ஆபத்து.

நட்சத்திர ஆமைய மட்டும் தொடவே தொடாதம்மா. அத இந்தியாவுலயே வீட்டுல வைக்கக் கூடாது, வனவிலங்குச் சட்டத்துல வருது. 2019லேருந்து உலக வணிகத்துக்கே தடை. கள்ளத்தனமா சூட்கேஸ்ல அடச்சு, கால் வெளிய வராம டேப் ஒட்டி விமானத்துல கொண்டு வர்றது இந்த ஆமையத்தான், ஏர்போர்ட்டுல புடிபடற செய்தி திரும்பத் திரும்ப வரும். மாமாகிட்டயும் பக்குவமா எடுத்துச் சொல்லு. முள்ளெலி, சுகர் கிளைடர், பாம்பு, உடும்பு, தேள், ஆன்லைன்ல யாராச்சும் விக்கிறேன்னு சொன்னா அதுவும் வேண்டாம், இங்க எதுவுமே அனுமதி கெடையாது.

எங்க வீடு 14வது மாடி. பூனை எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தாலும் நாலு காலுல நிக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க. மெஷ் போட்டா காத்து வராது, வீடு கூண்டு மாதிரி ஆயிடும்னு வீட்டுக்காரரு சொல்றாரு. ஜன்னலுக்கு மெஷ் போட்டே ஆகணுமா?
- வாசகி, செங்காங்

போட்டே ஆகணும். இதுக்கு நான் கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுத்துக்குங்க.

பூனை விழும்போது ஒடம்பத் திருப்பிக்கும், அது உண்மை. ஆனா திருப்பிக்கிட்டு நாலு காலுல நின்னாலும் 14 மாடி வேகம் அந்த நாலு காலுலயும், தாடையிலயும், நெஞ்சுலயும்தான் எறங்கும். உங்க மாமியாருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

பல வருஷத்துக்கு முன்னாடி, தடை இருந்த காலம், நாங்க தோ பாயோவுல 9வது மாடியில இருந்தோம். மீனுன்னு ஒரு பூனை, கறுப்பு வெள்ள. அந்த பழைய புளோக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சமையலறை ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழி சொருகறதுக்குக் குழாய் இருக்கும். அன்னிக்கு ஒரு மஞ்சக் கரை வாயில் சேலையக் கழியில போட்டு சொருகிட்டு அடுப்பப் பாக்கத் திரும்பினேன். கழி நுனியில ஒரு மைனா வந்து உக்காந்துச்சு போல. கிரில் கம்பிக்கு நடுவுல இருந்த சந்து என் கையகலம் கூட இருக்காது, அதுக்குள்ள மீனு தலைய விட்டு ஒடம்பையும் விட்டுட்டா. சத்தம் எதுவும் கேக்கல. சேலை மட்டும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுத் தொங்குச்சு.

எங்க வீட்டுக்காரரு லிஃப்ட்டுக்குக் கூட நிக்காம படியில எறங்கி ஓடினாரு. புல்லுக்கும் கால்வாய்க்கும் நடுவுல கெடந்தா. தூக்கும்போது பாத்தேன், முன்னங்கால் நகத்துல அந்த சேலையோட மஞ்ச நூலு ஒண்ணு மாட்டியிருந்துச்சு. கடைசி நிமிஷத்துல புடிச்சுத் தொங்கப் பாத்திருக்கா.

வெட்கிட்ட கொண்டு போனோம். கவுன்டர்ல இருந்த பொண்ணு உரிமையாளர் பேரு என்னன்னு கேட்டுச்சு. எங்க வீட்டுப் பூனைன்னு சொன்னா புளோக்கு எல்லாம் கேப்பாங்களேன்னு பயந்துட்டு, தெருவுல கெடந்துச்சு, தூக்கிட்டு வந்தோம்னு சொல்லிட்டேன். கார்டுல தெருப்பூனைன்னு எழுதினாங்க. 5 வருஷம் என் தலகாணியில படுத்தவ. சாயங்காலம் போயிட்டா, அந்த கார்டுல அவ பேரு கூட இல்ல.

அதனாலதான் சொல்றேன், லைசென்ஸும் மெஷ்ஷும் ரெண்டும் போடுங்க.

காத்து வரும், கவலப்படாதீங்க. கடையில விக்கிற பிளாஸ்டிக் கொசுவலை வேண்டாம், கடிச்சுக் கிழிச்சுடும். பிவிசி பூசின கம்பி மெஷ் வாங்குங்க, ஓட்டை உங்க கட்டவிரல் நுழையற அளவுக்கு மேல போகக் கூடாது, குட்டி இருந்தா அதையும் விடச் சின்னதா. கிரில்லோட உள்பக்கத்துல வச்சு ஒரு சாண் எடவெளிக்கு ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்க, மூலையில மட்டும் ரெண்டு ரெண்டா போடுங்க, பூனை தள்ளிப் பாக்கறது எப்பவும் கீழ் மூலையத்தான். வெயில் படுற பக்கம் கேபிள் டை காஞ்சு போயி பட்டுனு ஒடஞ்சுடும், அதனால தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போதும் பொங்கலுக்கும் ஒரு தடவ கையால இழுத்துப் பாத்து மாத்துங்க. எல்லாரும் ஹால் ஜன்னலுக்குப் போட்டுட்டு பாத்ரூம் ஜன்னல விட்டுடுவாங்க, அதையும் மறக்காதீங்க. வாசல் கேட்டுக்கும் அடியில பாதி உயரத்துக்காவது போடுங்க.

வெளிப்பக்கம் எதையும் நீட்டிக் கட்டாதீங்க, கீழ விழுந்தா யாரு தலையிலயாவது விழும்.

பக்கத்து வீட்டு நாய் அவங்க வேலைக்குப் போனதுலேருந்து வர்ற வரைக்கும் குரைக்குது. எனக்கு நைட் ஷிப்ட், பகல்லதான் தூங்கணும். எதிர் வீட்டுப் பூனை எங்க செருப்பு அலமாரியில ஒண்ணுக்குப் போகுது. புகார் கொடுத்தா நாயக் கொன்னுடுவாங்களோன்னு மனசு கேக்கல. என்ன பண்றது?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

உங்களுக்குத் தூக்கம் இல்ல, இருந்தும் அந்த நாயப் பத்திக் கவலப்படுறீங்க பாருங்க, உங்கள மாதிரி பக்கத்து வீடு கெடைக்க அவங்க கொடுத்து வச்சிருக்கணும்.

நாய் குரைக்கறது அவங்களுக்குத் தெரியாமயே இருக்கலாம், ஏன்னா அவங்க வீட்டுல இருக்கும்போது அது குரைக்காது. ஃபோன்ல ஒரு 2 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி, அவங்க வேலை முடிஞ்சு வந்து குளிச்சு சாப்பிட்ட அப்புறம் போய்க் காட்டுங்க, வாசல்ல செருப்பக் கழட்டும்போதே ஆரம்பிக்காதீங்க. தனியா விட்டா பயந்து குரைக்கற நாய்க்கு காலையில ஒரு நல்ல நடை, கடிக்கறதுக்கு ஏதாவது, நடுவுல ஒரு தடவ யாராச்சும் வந்து பாக்கறது, இதெல்லாம் பலன் தரும். பூனைக்காரங்ககிட்டயும் அதே மாதிரிப் பேசுங்க, பூனை வெளிய சுத்தறதே விதிக்கு ஒத்து வராது, கேட்டுக்கு மெஷ் போடச் சொல்லுங்க. அலமாரிய என்சைம் கிளீனர் வச்சுத் துடைங்க, வெறும் சோப்பு போட்டா வாசம் இருந்துகிட்டே இருக்கும், அது மறுபடியும் அங்கயே வரும்.

பேசியும் சரிப்படலன்னா சமூக மீடியேஷன் சென்டர் இருக்கு, நடுவுல ஒருத்தரு உக்காந்து ரெண்டு பக்கமும் பேச வைப்பாங்க. அதுக்கும் மேல போகணும்னா 2015லேருந்து அக்கம்பக்கத் தகராறுக்குன்னே தனி டிரிபியூனல் இருக்கு, செல்லப்பிராணியால வர்ற சத்தம், வாடை, வாசல்ல அசிங்கம் பண்றது எல்லாம் அதுல வருது. ஆனா நான் பாத்த வரைக்கும் பத்துல எட்டு தகராறு ஒரு தட்டு முறுக்கோட போய்க் கதவத் தட்டினாலே முடிஞ்சுடும்.

அமாவாசைக்கு காக்காவுக்கு சோறு வைக்கறது எங்க குடும்ப வழக்கம். காரிடார் சுவத்துல வைப்போம். போன மாசம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஃபைன் போடுவாங்கன்னு சொன்னாங்க. நெசமா?
- வாசகி, பிடோக்

நெசம்தான்மா. வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குக்கும் பறவைக்கும் தீனி போடக் கூடாது, புறாவுக்குப் போட்டாக்கூட மொத தடவயே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் வரலாம். இது செல்லப்பிராணி விஷயம் இல்லன்னாலும் நம்ம ஆளுங்க நெறைய பேரு மாட்டிக்கிற எடம், அதனால எடுத்துக்கிட்டேன். சோறு வச்சா காக்கா மட்டும் வர்றது இல்ல, புறா, மைனா, எலி எல்லாம் வரும், மேல் மாடியில துணி காயப்போட்டவங்க படுற பாடு தனி. எனக்கும் இத விடறதுக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, அப்பா காலமான வருஷம் முழுக்க வச்சுக்கிட்டு இருந்தவ நான். இப்ப படத்துக்கு முன்னாடி இலை போட்டுப் படைச்சுட்டு, அன்னதானத்துக்குக் கோயில்ல பணம் கட்டிடறேன். அப்பா யாருக்குச் சோறு போட்டாலும் சந்தோஷப்படுவாரு.

அம்மா, எனக்கு 74 வயசு. ஓரறை வாடகை வீட்டுல தனியா இருக்கேன். மனைவி போனதுக்கு அப்புறம் ஒரு பூனைதான் தொணை. கருத்தடை, சிப்பு எல்லாத்துக்கும் காசு எங்க போவேன்? எனக்கு ஏதாவது ஆயிட்டா அது என்ன ஆகும்?
- பெரியவர், அங் மோ கியோ

ஐயா, காசப் பத்திக் கவலப்படாதீங்க. வருமானம் கொறஞ்ச குடும்பங்களுக்குன்னே 2024 செப்டம்பர்லேருந்து பூனைக் கருத்தடைக்கு உதவித் திட்டம் ஒண்ணு இருக்கு, கருத்தடையும் சிப்பும் இலவசமாவே பண்ணிக் கொடுப்பாங்க. ஏவிஎஸ்ஸுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க, இங்கிலீஷ்ல பேசத் தயக்கம்னா உங்க வட்டாரத்துல இருக்கற குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய் ஆள் ஒருத்தரக் கூட வச்சுக்கிட்டுப் பேசுங்க. சிங்பாஸ் வேலையும் அவங்களே பக்கத்துல உக்காந்து முடிச்சுக் கொடுப்பாங்க.

ரெண்டாவது கேள்விக்கு, இன்னிக்கே ஒரு பேப்பர் எடுத்து பூனை பேரு, வயசு, என்ன சாப்பிடும், எதக் கண்டா பயப்படும், எந்த வெட்கிட்ட போவீங்க, நீங்க ஆஸ்பத்திரியில படுத்தா யாரு வந்து பாப்பாங்க, எல்லாத்தையும் எழுதி கதவுக்கு உள்பக்கமா ஒட்டி வைங்க. பக்கத்து வீட்டுல நம்பிக்கையான ஒருத்தருக்கிட்ட ஒரு சாவி கொடுத்து வைங்க. அவங்க பூனைய எடுத்துக்கத் தயாரா இருந்தா இப்பவே வாரத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டு உங்க வீட்டுல உக்கார வச்சு காப்பி கொடுங்க, பூனை அவங்க வாசத்தப் பழகிக்கட்டும்.

உங்க கடிதத்துல பூனை பேர எழுதாம விட்டுட்டீங்க. அடுத்த கடிதத்துல எழுதுங்க ஐயா, எனக்குத் தெரியணும்.